கடல்நீர்த் தொட்டியைச் சைக்கிள் செய்ய ஐந்து வழிகள்: உங்களுக்கு எது?

போன மாதம் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள்: மீன் கழிவின் விஷத்தை மாற்றும் பாக்டீரியாவைப் புதுத் தொட்டியில் வளர்ப்பது, அதாவது தொட்டியைச் சைக்கிள் செய்வது, எப்படி? டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு தம்பி 200 லிட்டர் தொட்டி வாங்கி உப்பும் கரைத்துவிட்டார். மகளின் பிறந்தநாளுக்கு 4 வாரம்தான் இருக்கிறது, அதற்குள் ஒரு ஜோடி கோமாளி மீன் விட வேண்டும். டர்பனிலேயே ஃபீனிக்ஸில் ஓர் அண்ணன் 15 வருடமாக நன்னீர் மீன் வளர்ப்பவர், உப்புநீருக்கு இப்போதுதான் வருகிறார். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் ஓர் அக்கா. கடல் அவருக்கு ஆறு மணி நேரத் தொலைவு, வேண்டிய சாமான் எல்லாம் கூரியரில்தான் வர வேண்டும். "அண்ணே, அம்மோனியா ஊத்தறதா, இறால் போடறதா, பாட்டில் வாங்கறதா? கடையில ரெண்டு மீனை விட்டாப் போதும்ங்கறாங்க" என்று தம்பி கேட்டதைத்தான் மற்ற இருவரும் வேறு வார்த்தையில் கேட்டார்கள்.

கடையில் சொன்ன அந்த வழியை நான் செய்து பார்த்திருக்கிறேன். என் முதல் தொட்டியில் நான்கு டாம்சல் மீன்களை விட்டேன். ஐந்தாம் நாள் காலையில் அம்மா கூப்பிட்டார்: "டேய், இதுங்க மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. மூச்சுக்குத் தவிக்குதுடா." ஒன்பது நாளுக்குள் மூன்று செத்துப்போயின. அந்த ஒன்பது நாளும் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாகவே இருந்தது. அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது என்பதை அந்த மீன்களைக் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

எந்த வழியில் போனாலும் ஏதோ ஒன்றைச் செலவிட்டே ஆக வேண்டும்: நாட்களை, பணத்தை, அல்லது மீனின் உயிரை. மூன்றாவதைச் செலவிட வேண்டாம் என்பது என் நிலை. மற்ற இரண்டில் எது உங்களிடம் அதிகமாக இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யலாம்.

## தொட்டிக்குள் நடக்க வேண்டியது

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டைத் தண்ணீர் மாற்றி வெளியே அனுப்பிவிடலாம். இந்த இரண்டு கூட்டமும் போதுமான அளவு பெருகி நிற்பதைத்தான் தொட்டி சைக்கிள் ஆகிவிட்டது என்கிறோம்.

இவை கல், மணல், ஃபில்டர் பஞ்சு இவற்றின் மேல் ஒட்டி வளர்பவை. தண்ணீரில் மிதப்பவை கொஞ்சம்தான். அதனால் நண்பர் வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு வாளி பழைய தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவதால் பெரிய பலன் இல்லை. மேலும் இவை மெதுவாகப் பெருகுபவை. சோற்றைக் கெடுக்கும் பாக்டீரியா அரை மணிக்குள் இரண்டாகிவிடும். இவை இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். காத்திருப்பெல்லாம் இதனால்தான்.

ஃபீனிக்ஸ் அண்ணன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நன்னீரில் பிஎச் 7 என்றால், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது. கடல்நீரின் பிஎச் 8.1, 8.2. அங்கே அந்த விஷப் பங்கு பத்து மடங்குக்கு அருகில் போய்விடும். நன்னீரில் "கொஞ்சம் அம்மோனியாதானே" என்று விட்டது இங்கே மீனின் செவுளை எரித்துவிடும். நைட்ரைட் விஷயம் இதற்கு நேர்மாறு. கடல்நீரில் நிறைய இருக்கும் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கிறது. அதனால் நன்னீரில் பயந்த அளவு இங்கே நைட்ரைட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

## எதையெல்லாம் வைத்து எடை போடுவது

முதலில், மீன் துன்பப்படுமா என்பது. அப்புறம் நாள். அப்புறம் பணம், கடையில் கொடுக்கும் பணத்தோடு, ஆறு மாதம் கழித்து வெளியே வரும் செலவையும் சேர்த்துச் சொல்கிறேன். நான்காவது, நாம் கேட்காமலே உள்ளே வந்துவிடும் பூச்சி, நோய். ஐந்தாவது, அளந்து பார்க்க முடியுமா என்பது. எவ்வளவு அம்மோனியா போட்டோம் என்று தெரிந்தால்தான் பாக்டீரியா எவ்வளவு தின்கிறது என்று சொல்ல முடியும்.

நம் தென்னாப்பிரிக்காவில் ஆறாவதும் உண்டு: கரண்ட். அதைத் தனியாகப் பார்ப்போம்.

எந்த வழிக்கும் பொதுவான தேவைகள் சில இருக்கின்றன. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றுக்கும் டெஸ்ட் கிட், ஆர்ஓ தண்ணீரில் கரைத்த உப்பு, 1.025 அளவில் உப்படர்த்தி, 25 முதல் 27 டிகிரி வெப்பம், நல்ல நீரோட்டம். விளக்கை அணைத்தே வையுங்கள், இல்லாவிட்டால் பாசிதான் முதலில் குடியேறும். கடற்கரையிலிருந்து தண்ணீர் அள்ளி வரலாமா என்று டர்பனில் எல்லோரும் கேட்பார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்து நம் கடற்கரைகள் எத்தனை முறை மூடப்பட்டன என்பதைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உப்புப் பாக்கெட்டே போதும்.

## வழி 1: அம்மோனியா போட்டு, மீனில்லாமல்

அம்மோனியம் குளோரைடு என்ற வெள்ளைத் தூள்தான் இங்கே மீனுக்குப் பதிலாக நிற்கிறது. கணக்கு எளிது: ஒரு லிட்டருக்கு 3 மில்லிகிராம் போட்டால் அம்மோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஏறும். நமக்கு வேண்டியது 2 பிபிஎம். தம்பியின் 200 லிட்டர் தொட்டியில் கல்லும் மணலும் போக உண்மையில் 170 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும். அதற்கு 1 கிராம் தூள் போதும். சமையலறைத் தராசில் 1 கிராமைச் சரியாக நிறுக்க முடியாது. அதனால் 10 கிராம் தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் 100 மில்லி ஊற்றுங்கள்.

முதல் நாள் ஊற்றிய பிறகு ஒரு வாரம், பத்து நாள் எதுவுமே நடக்காதது போல இருக்கும். அப்புறம் அம்மோனியா இறங்க ஆரம்பிக்கும், நைட்ரைட் ஏறும். அம்மோனியா 0.5க்குக் கீழே போனால் மறுபடி ஊற்றுங்கள். 5 பிபிஎம்முக்கு மேல் போகவே விடாதீர்கள். நிறையப் போட்டால் வேகமாகப் பெருகும் என்று நினைப்பவர்கள் பலர், ஆனால் அளவு மிஞ்சினால் அதே அம்மோனியா இந்தப் பாக்டீரியாவை அமுக்கிவிடும். நைட்ரைட் எகிறி நிற்கிறது என்றால் சில நாள் ஊற்றாமல் விடுங்கள். பாக்டீரியாவுக்கு வேறு உதவி எதுவும் இல்லாவிட்டால் மொத்தம் 4 முதல் 6 வாரம் ஆகும், சில சமயம் இன்னும் கூடும்.

இந்த வழியில் பணச் செலவு மிகக் குறைவு. பூச்சி, நோய் எதுவும் வராது. மீன் துன்பம் இல்லை. எல்லாவற்றையும் அளக்கலாம். கூரியரில் வரும்போது தூள் கெடாது என்பதால் லெனேசியா அக்காவுக்கு இதையே சொன்னேன். டிசம்பர் வெயிலில் நாலு நாள் வண்டியில் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

மறைந்த செலவு பொறுமைதான். மூன்றாவது வாரத்தில் வெறும் கல்லையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு உட்காரும்போது, "ஒரு மீன் விட்டுப் பார்ப்போமே" என்று கை அரிக்கும். இன்னொரு இடறலும் உண்டு. சுத்தம் செய்யும் அம்மோனியாத் திரவம் மலிவு என்று வாங்கி ஊற்றிவிடுவார்கள். பாட்டிலைக் குலுக்கிப் பாருங்கள். நுரை நின்றால் அதில் சோப்பு இருக்கிறது, தொட்டிக்கு ஆகாது. வாசனை சேர்த்ததும் ஆகாது.

டெஸ்ட் கிட் பற்றி இரண்டு வார்த்தை. பல கிட்டுகள் அம்மோனியா இல்லாத தண்ணீரிலும் 0.25 என்பது போன்ற ஒரு நிறத்தைக் காட்டும். அப்போது கலங்காமல், புதிதாகக் கரைத்த உப்புத் தண்ணீரையும் அதே கிட்டில் சோதித்து, இரண்டு குழாய்களையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் ஒன்றாக இருந்தால் அதுதான் உங்கள் பூஜ்யம். நைட்ரைட் நிறைய இருக்கும்போது நைட்ரேட் கிட் பொய்யாக அதிகம் காட்டும். அதனால் நடுவில் நைட்ரேட் அளந்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், கடைசியில் அளந்தால் போதும்.

## வழி 2: இறால் போட்டு அழுகவிடுவது

நம்மவர்களிடம் இதுதான் பழைய வழக்கம். விக்டோரியா தெரு மார்க்கெட்டில் ஒரு பச்சை இறால் வாங்கி, வலைப்பையில் கட்டித் தொட்டியில் தொங்கவிடுவார்கள். அது அழுகும், அம்மோனியா வரும், பாக்டீரியா வளரும். தினமும் ஒரு சிட்டிகை மீன்தீனி போடுவதும் இதே சங்கதிதான்.

வேலை செய்யுமா என்றால், செய்யும். ஆனால் அழுகுவது நம் கையில் இல்லை. ஒரு நாள் 1 பிபிஎம், இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் 6. தண்ணீர் பால்போலக் கலங்கும். அழுகலைத் தின்னும் பாக்டீரியா தண்ணீரிலுள்ள ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கரண்ட் போய் நீரோட்டமும் நின்றால் வீடு முழுக்க நாற்றம். இறாலின் உடலிலிருந்து பாஸ்பேட்டும் இறங்கும். அது கல்லில் உட்கார்ந்துகொண்டு, மூன்று மாதம் கழித்துப் பச்சைப் பாசியாகத் தலைகாட்டும். மலிவான இறாலின் மறைந்த செலவு அந்தப் பாசியோடு போராடும் மாதங்கள்.

தூள் எங்கேயும் கிடைக்கவில்லை, அவசரமும் இல்லை என்றால் மட்டும் இது சரி. அப்போதும் அம்மோனியா 2ஐத் தொட்டதும் இறாலை வெளியே எடுத்துவிடுங்கள். உப்பு, மசாலா, பதப்படுத்தும் மருந்து எதுவும் படாத இறாலாக இருக்கட்டும்.

## வழி 3: உயிருள்ள கல்

லைவ் ராக் என்பது பாக்டீரியா ஏற்கனவே குடியிருக்கும் துளைத்துளையான கல். வேலை செய்ய வேண்டிய கூட்டம் முழுசாகக் கல்லோடு வருவதால், நல்ல கல் கிடைத்தால் இதற்கு இணையாக வேறு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரத்தில் தொட்டி தயாராகிவிடும். பாக்டீரியாவோடு சின்னச் சின்னப் புழு, கடற்பஞ்சு, ஊதாப் பாசி எல்லாம் வந்து தொட்டிக்கு ஒரு கடல் வாசனை கொடுக்கும். அந்த அழகை வேறு எந்த வழியும் தராது. என் இரண்டாவது தொட்டியில் கல்லின் இடுக்கிலிருந்து ஒரு விசிறிப்புழு மெல்ல விரிந்ததைப் பார்த்துக்கொண்டே ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் கல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

கடலிலிருந்து நாமே எடுப்பதா? வேண்டவே வேண்டாம். சொத்வானா விரிகுடாவின் பவளப்பாறைகள் 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இசிமங்கலிசோவுக்குள் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. ஆப்பிரிக்காவின் தென்கோடியில் பவளம் வளரும் இடங்களில் அதுவும் ஒன்று. நம் பொழுதுபோக்குக்காக அதைக் கிள்ளி எடுப்பதை என்னால் ஏற்க முடியாது.

இறக்குமதிக் கல்லுக்கு சைட்டீஸ் (அரிய உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) அனுமதி வேண்டும், விலையும் அதிகம். விமானத்திலும் அப்புறம் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரும் என்3 சாலையிலும் ஈரப் பேப்பரில் சுற்றியபடி வரும்போது மேலுள்ள உயிர்களில் பாதி செத்துவிடும். வந்ததும் அதைத் தனி வாளியில், ஹீட்டரும் பம்ப்பும் வைத்து, இரண்டு மூன்று வாரம் பதப்படுத்த வேண்டும். சைக்கிளில் மிச்சம் பிடித்த நாட்கள் இங்கே போய்விடும். அதோடு ஐப்டேசியா என்ற கடற்சாமந்தியும் மாண்டிஸ் இறாலும் ஒளிந்து வரலாம். ஒரு ஐப்டேசியா நான்கு மாதத்தில் நாற்பதாகிவிடும்.

நண்பர் தொட்டியிலிருந்து ஒரு கல், அல்லது அவருடைய ஃபில்டரில் கிடந்த பீங்கான் வளையங்கள் ஒரு கைப்பிடி. என் பார்வையில் இதுதான் ஏழைக்கும் பணக்காரருக்கும் நல்ல வழி. உப்புத் தண்ணீரில் நனைத்த செய்தித்தாளால் மூடி, வாளியில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள், குளோரின் அத்தனையையும் கொன்றுவிடும். தொட்டியில் வைத்த பிறகும் வழி 1இல் சொன்னபடி அம்மோனியா ஊற்றி அளந்து பாருங்கள். ஒரு கல் தாங்கும் அளவு வேறு, உங்கள் தொட்டிக்கு வேண்டிய அளவு வேறு.

நண்பரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ஒன்று, அந்தத் தொட்டியில் எப்போதாவது செப்பு மருந்து போட்டீர்களா? செப்பு கல்லில் ஊறி நிற்கும், பிற்பாடு நீங்கள் விடும் இறாலையும் பவளத்தையும் கொல்லும். கடைகளில் மீன் தொட்டிகளில் செப்பு ஓடுவது சகஜம் என்பதால், கடையில் இனாமாகக் கொடுக்கும் பஞ்சுக்கும் இதே கேள்வி. இரண்டு, சமீபத்தில் புது மீன் விட்டீர்களா, வெள்ளைப்புள்ளி நோய் வந்ததா? அந்த ஒட்டுண்ணியின் முட்டைக்கூடுகள் கல்லில் ஒட்டி வரும். மீனில்லாமல் 76 நாள் காத்திருந்தால் அது அழிந்துவிடும் என்பது கடல்மீன் வளர்ப்பவர்கள் பின்பற்றும் கணக்கு. 76 நாள் காத்திருக்க வேண்டுமென்றால் நண்பர் கல்லை வாங்கி என்ன லாபம்? அதனால் பவளம் மட்டும் இருக்கும் தொட்டி, அல்லது வெகுநாளாகப் புது மீன் எதுவும் போகாத தொட்டியாகப் பார்த்து எடுங்கள்.

ஃபீனிக்ஸ் அண்ணனுக்கு இதைத்தான் சொன்னேன். அவருக்குப் பக்கத்துத் தெருவிலேயே பவளத் தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருக்கிறார்.

## வழி 4: பாட்டில் பாக்டீரியா

ஒரு காலத்தில் இந்தப் பாட்டில்களை ஏமாற்று என்று ஒதுக்கினோம். அதற்குக் காரணமும் இருந்தது. 1998இல் டிமோத்தி ஹோவனெக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், நன்னீர் மீன்தொட்டிகளில் நைட்ரைட்டைத் தின்பது அதுவரை எல்லோரும் நினைத்த நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு சரியான உயிரை அடைத்த பாட்டில்கள் வர ஆரம்பித்தன. இன்று நல்ல பாட்டில் உண்மையிலேயே வேலை செய்கிறது. அம்மோனியாவோடு சேர்த்துப் போட்டால் 10 நாள், 2 வாரத்தில் முடிந்துவிடும்.

பாட்டில்கள் எல்லாம் ஒன்றில்லை. சிலவற்றில் உண்மையான நைட்ரைட், நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியா இருக்கும். சிலவற்றில் கழிவை மக்கச் செய்யும் வேறு வகை இருக்கும். அது கெட்டதல்ல, ஆனால் நாம் தேடும் வேலையைச் செய்யாது. உப்புநீருக்கென்று லேபிளில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இங்கே உண்மையான செலவு பயணத்தில் இருக்கிறது. இந்தப் பாக்டீரியா வித்தாக மாறித் தூங்கும் வகை இல்லை. சூட்டில் சாகும், உறைந்தாலும் சாகும். ஜனவரியில் ஒரு கூரியர் வண்டிக்குள் கிடந்த பாட்டிலில் என்ன மிச்சம் இருக்கும் என்று சொல்ல முடியாது. கடையில் ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார்களா, தேதி என்ன என்று கேளுங்கள். கேட்டதற்குக் கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

செத்த பாட்டிலைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, அதனால்தான் பாட்டிலோடு எப்போதும் அம்மோனியாவும் வேண்டும் என்கிறேன். தொட்டியில் 2 பிபிஎம் ஊற்றி, பாட்டிலையும் ஊற்றுங்கள். சில நாளைக்கு ஸ்கிம்மரையும் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) புற ஊதா விளக்கையும் நிறுத்தி வையுங்கள். ஐந்து நாளில் அம்மோனியா அசையவே இல்லை என்றால் பாட்டிலில் உயிர் இல்லை. அப்போது உங்களுக்கு நஷ்டம் பாட்டில் காசு மட்டும். லேபிளில் "அன்றே மீன் விடலாம்" என்று போட்டிருப்பதை நம்பி மீனை விட்டிருந்தால், அந்த ஐந்து நாளை மீன் அனுபவித்திருக்கும்.

சாட்ஸ்வர்த் தம்பிக்கு இந்த வழி. 4 வாரம் என்பது அம்மோனியா மட்டும் போட்டால் இழுபறி, பாட்டிலும் சேர்ந்தால் நிம்மதி.

## வழி 5: மீனை விட்டே சைக்கிள் செய்வது

டாம்சல் உறுதியான மீன், தாங்கும் என்பார்கள். தாங்குகிற மீனும் வலியில்லாமல் தாங்குவதில்லை. பிழைத்தவற்றின் செவுள் கெட்டிருக்கும், நோய் சீக்கிரம் பிடிக்கும். எனக்கு மிஞ்சிய அந்த ஒற்றை டாம்சல் தொட்டியையே தன் ராஜ்யமாக்கிக்கொண்டு, பின்னால் விட்ட ஒவ்வொரு மீனையும் விரட்டியது. அதைப் பிடிப்பதற்காக அடுக்கிய கல் அத்தனையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெளியே எடுத்தேன். இந்த வழிதான் மலிவு என்று சொல்பவர்கள் செத்த மீனின் விலையையும் அந்த ஞாயிற்றுக்கிழமையையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

வேறு வழியில்லாத நேரமும் வரும். பழைய தொட்டி உடைந்துபோய் மீன் வாளியில் நிற்கிறது, அல்லது யாரோ பரிசாக மீனையே வாங்கிவந்துவிட்டார்கள். அப்போது நல்ல பாட்டிலை ஊற்றி, நண்பர் தொட்டியின் பஞ்சு கிடைத்தால் அதையும் போட்டு, தீனியை இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று குறைத்து, தினமும் அம்மோனியா அளந்து, லேசாக நிறம் மாறினாலும் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். அம்மோனியாவைக் கட்டிவைக்கும் மருந்து ஓர் இரவைத் தாண்டக் கைகொடுக்கலாம், அதையே நம்பி வாரக்கணக்கில் ஓட்ட முடியாது.

## ஒரு பார்வையில்

| வழி | ஆகும் நாள் | மறைந்த செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| அம்மோனியா மட்டும் | 4–6 வாரம் | பொறுமை | கடையும் கடலும் தூரமானவர்களுக்கு |
| இறால் | 5–8 வாரம் | நாற்றம், பாஸ்பேட், பாசி | தூள் கிடைக்காதவர்களுக்கு |
| நண்பர் கல் + அம்மோனியா | 1–3 வாரம் | நோய், செப்பு, ஐப்டேசியா | நம்பகமான தொட்டி பக்கத்தில் உள்ளவர்களுக்கு |
| இறக்குமதிக் கல் | பதப்படுத்தலோடு 3–5 வாரம் | விலை, ஒளிந்து வரும் உயிர்கள் | பெரிய பவளத் தொட்டிக்கு |
| பாட்டில் + அம்மோனியா | 10 நாள் – 2 வாரம் | வழியில் செத்த பாட்டில் | நாள் குறித்தவர்களுக்கு |
| மீனோடு | 4–6 வாரம் | மீனின் உயிர் | மீன் ஏற்கனவே கையில் இருந்தால் மட்டும் |

## கரண்ட் போனால்

2023இல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது ஒரு நாளில் பல தடவை கரண்ட் போனது. இப்போது அந்த அளவு இல்லை என்றாலும், கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் கோளாறும் நம் தெருக்களில் நின்றபாடில்லை. இந்தப் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். திறந்த தொட்டியில், கல்லில் இருப்பவை சில மணி நேரம் சமாளிக்கும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் இருப்பவைக்கு அந்த வசதி இல்லை. உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து, கரண்ட் வந்ததும் கெட்ட தண்ணீர் தொட்டிக்குள் பாயும். பல மணி நேரம் நின்றிருந்தால், ஃபில்டரைத் திறந்து உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்புறம் ஓடவிடுங்கள். புதிதாக வாங்குபவர்களுக்கு, கல்லையே ஃபில்டராக நம்பி, பேட்டரியில் ஓடும் ஒரு காற்று பம்ப்பையும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

மீனில்லாத வழிகளை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். மீனில்லாத அந்த வாரங்கள் தொட்டியைச் சோதித்துப் பார்க்கக் கிடைத்த நாட்கள். ஒரு நாள் நீங்களே மெயின் சுவிட்சை 4 மணி நேரம் அணையுங்கள். மேல் தொட்டித் தண்ணீர் கீழ்த் தொட்டிக்கு இறங்கித் தரையில் வழிகிறதா? ஜூலை இரவில் வெப்பம் எத்தனை டிகிரி இறங்குகிறது? கரண்ட் வந்ததும் எல்லா பம்ப்பும் தானாக ஓடுகிறதா? என் வீட்டில் இப்படிச் சோதித்தபோதுதான் ஒரு பவர்ஹெட் (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்ப்) மறுபடி கிளம்பாமல் உறுமிக்கொண்டே நிற்பதைக் கண்டேன். உள்ளே மீன் இருந்திருந்தால் அதை வேறு விதமாகத் தெரிந்துகொண்டிருப்பேன். லெனேசியாவின் குளிர்கால இரவு டர்பனைவிட மோசம் என்பதால், அக்கா இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

## முடிந்தது என்று எப்படித் தெரியும், முதல் மீன் எப்போது

2 பிபிஎம் அம்மோனியா ஊற்றி, 24 மணி நேரத்தில் அம்மோனியா பூஜ்யம் ஆனால் பெரும்பாலான வேலை முடிந்தது. நைட்ரைட்டும் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்திருந்தால் இன்னும் நல்லது. ஒரே நாள் அளவை நம்பாமல், மறுபடி ஊற்றி இரண்டாவது தடவையும் பாருங்கள். அப்புறம் நைட்ரேட் அளந்து, பாதித் தண்ணீரையோ அதற்கு மேலோ மாற்றுங்கள்.

மீன் வரும் நாள் வரை அந்தக் கூட்டத்துக்குச் சாப்பாடு வேண்டும். தொட்டி தயாரான பிறகு இரண்டு வாரம் வெறுமனே விட்டுவிட்டால் அது சுருங்கிவிடும். நான்கைந்து நாளுக்கு ஒரு முறை 1 பிபிஎம் போதும், மீன் வருவதற்கு முந்தின நாள் நிறுத்திவிடுங்கள்.

முதலில் ஒரு ஜோடி மட்டும். அடுத்த மீனுக்கு இரண்டு மூன்று வாரம் இடைவெளி. முதல் வாரம் ஒன்று, மூன்று, ஏழாம் நாட்களில் அம்மோனியா அளங்கள்.

தம்பிக்கு ஒரு வார்த்தை: பிறந்தநாளுக்கு முந்தின சாயங்காலம் டெஸ்ட் கிட் குழாயில் அம்மோனியாவைக் காட்டும் பச்சை தெரிந்தால் மீன் வாங்கப் போகாதீர்கள். அன்று மகளை டர்பனின் யூஷாகா மீன்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய்க் கடல் மீன்களைக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் டெஸ்ட் கிட்டின் சொட்டுகளை அவள் கையாலேயே எண்ணிப் போடவிடுங்கள். கோமாளி மீன் அடுத்த வாரம் வரட்டும்.